இஸ்திரி அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சமுதாயக் கல்லூரியில் திங்கட்கிழமை வகுப்பு தொடங்கிவிட்டது. கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது. தையல் மிஷின்களில் பாதி எண்ணெய் விட்டதும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. மீதியை மெக்கானிக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறார். சேற்று வாடை மட்டும் போகவில்லை. பினாயில் ஊற்றிக் கழுவினால் அந்த வாடையும் இதோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரிக்குள் வெள்ளம் புகுந்த அந்த ராத்திரி என்ன நடந்தது என்று மறுபடி எழுதப்போவதில்லை. எல்லோரும் பார்த்தீர்கள். உங்களில் பலர் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான் வந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோதுகூட நம்ம தெரு தப்பித்தது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை ஆறு வரவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது, கால்வாயே போதுமாக இருந்தது. கால்வாயைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இது புகார் மனுவாகிவிடும். அதற்கு வேறு முகவரி இருக்கிறது.

கைகொடுத்தவர்கள் ஏராளம். விடிவதற்குள் வந்து முழங்காலளவு சேற்றை வாரிக்கொட்டிய தூய்மைப் பணியாளர்கள். மேல்மாடி அறை இரண்டைச் சாவியோடு கொடுத்துவிட்டு வாடகைப் பேச்சே எடுக்காத லாட்ஜ்காரர். பள்ளிவாசலிலிருந்து வந்த சாப்பாட்டு அண்டா, சர்ச்சிலிருந்து வந்த பாய், போர்வை. பேரணாம்பட்டிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சு தூக்கிய பழைய மாணவிகள். கம்பத்தில் ஏறிய மின்வாரியத் தம்பிகள். பக்கத்துக் கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் ஐந்நூறு, ஆயிரம் என்று அனுப்பிவிட்டு, "பேர் போட வேண்டாம் மேடம்" என்று செய்தி போட்டவர்கள். காசே வாங்காமல் டீ கொடுத்த கடைக்காரர். அவர் கணக்கைப் பிறகு நாங்களே குத்துமதிப்பாகப் போட்டுக் கொடுத்தோம், அதிலும் பாதியைத் திருப்பிவிட்டார். எல்லோருக்கும் எங்கள் கல்லூரியின் நன்றி. முடிந்தவரை நேரில் சொல்லிவிட்டேன். விட்டுப்போனவர்கள் மன்னித்து, இதையே நேரில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேரில் சொல்ல விடாத ஆள் ஒருவர் இருக்கிறார். தெருமுனைப் புங்கமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணன். நன்றி என்று வாயெடுத்தாலே, "உங்களுக்கு வேற வேல இல்லியா டீச்சர்" என்று துணிக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கிவிடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவரே எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் இவ்வளவு நீளத்துக்குப் பொறுமை இருக்காது.

மறுநாள் காலை பளிச்சென்று வெயில் அடித்தது. வேலூர் வெயிலுக்கு முந்தின நாள் மழை பெய்ததெல்லாம் ஞாபகமே இருக்காது. பீரோவிலிருந்து எடுத்த அட்மிஷன் ரிஜிஸ்டர்கள் படிக்கட்டில் அடுக்கியிருந்தன. கல்லூரி ஆரம்பித்த வருஷத்திலிருந்து எழுதிய நீளப் புத்தகங்கள், சிவப்புத் துணி ஒட்டிய முதுகு, தடித்த அட்டை. ஒவ்வொன்றும் தண்ணீர் குடித்து இரண்டு மடங்கு கனத்திருந்தது. மொட்டைமாடியில் விரித்துக் காயவைக்கலாம் என்று தூக்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், சாலையைக் கடந்து வந்தார்.

"டீச்சர், இத்த அப்பிடியே வெயில்ல போட்டா அப்பளமா சுருட்டிக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு அப்புறம் ஒரு பக்கத்தக் கூடப் புரட்ட முடியாது. இப்பிடிக் குடுங்க."

தெருவில் கரண்ட் இல்லை. ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த தலைமுடி காயவைக்கும் மிஷின் மூலையில் சும்மா கிடந்தது. எலக்ட்ரிக் இஸ்திரிப் பெட்டியும் அப்படியே. அண்ணனிடம் இருந்தது கரிப்பெட்டி, கைப்பிடி தேய்ந்த பித்தளைப் பெட்டி. கேஸ் பெட்டிக்கு மாறச் சொல்லி அவருடைய பையனே பல தடவை சண்டை போட்டிருக்கிறானாம். ஊரே நனைந்து கிடந்த அன்றைக்கு அவருடைய கொட்டாங்கச்சிக் கரி மட்டும் கோணிக்குள் கட்டி, வண்டியின் மேல்தட்டில் உலர்ந்தபடியே இருந்தது.

அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் புத்தகத்தைப் படுக்கவைத்து, பக்கங்களை நகத்தால் அல்ல, தென்னை ஈர்க்கைத் தட்டையாகச் சீவி அதால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்த பக்கத்துக்கு அடியில் ஒரு பழைய வேட்டித் துண்டு, மேலே ஒரு துண்டு. பெட்டியின் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். முத்தாக உருண்டு ஓடினால் சூடு அதிகமாம். நின்ற இடத்திலேயே 'சுர்' என்று கொதித்து வற்ற வேண்டும். "பட்டுக்கு வெக்கிற சூடு" என்றார். பெட்டியை இழுக்கவே இல்லை, ஒத்தி ஒத்தி எடுத்தார். இழுத்தால் ஈரத்தாள் கிழியும். அடித்துணி ஈரத்தைக் குடித்ததும் துணியை மாற்றினார். ஒரு பக்கம் முழுக்க உலரும்வரை செய்யவில்லை. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, கயிற்றில் தொங்கவிடாமல் நிழலில் விரிக்கச் சொன்னார். போட்டோ ஒட்டியிருந்த விண்ணப்பங்களைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "மூஞ்சி உருகிடும், அது காத்துலயே காயட்டும்." அவற்றைப் பிள்ளைகள் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார்கள்.

பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பக்கங்கள் அப்படியே நின்றன. மை பேனாவில் எழுதியவை நீலமாகக் கரைந்து பரவியிருந்தன. முதல் சில வருஷங்களின் முதல்வர் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார், மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை. அந்தக் கையெழுத்துகள் எல்லாம் பாசி படிந்தது மாதிரி ஆகிவிட்டன. அண்ணன் அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

இந்த ரிஜிஸ்டர்களுக்காக நாங்கள் ஏன் அப்படிப் பதறினோம் என்று அன்றைக்கு உதவ வந்த சிலர் கேட்டார்கள். கம்ப்யூட்டர் எட்டு நாசமாகியிருக்கிறது, அதைப் பார்க்காமல் பழைய நோட்டைப் பார்க்கிறீர்களே என்றார்கள். கேள்வி நியாயமானதுதான், பதில் கொஞ்சம் பழைய கதை.

சமுதாயக் கல்லூரி என்ற யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் 6 மாணவர்களோடு தொடங்கியது. அவர்களுக்கு அது பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் முதல் இரண்டு வருஷம். நம் பக்கம் அது வேறு உருவம் எடுத்தது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. 1996-ல் சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. பிறகு இயேசு சபையைச் சேர்ந்த சேவியர் அல்போன்ஸ் அடிகளார் ஊர் ஊராக இந்த யோசனையைக் கொண்டுபோனார். பள்ளியை விட்டு நின்றவர்கள், பத்தாவதில், பிளஸ் டூவில் தவறியவர்கள், காசில்லாதவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் இவர்களுக்காகத்தான் கல்லூரி. ஒரு வருஷப் படிப்பு. வாழ்க்கைத் திறன், பேச்சு ஆங்கிலம், ஒரு தொழில், அப்புறம் அந்தத் தொழில் நடக்கும் இடத்திலேயே பயிற்சி. சென்னையில் இதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சேர்ந்து, சில வருஷம் கழித்து இங்கே வாடகைக் கட்டடத்தில் எங்கள் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

ஆரம்பத்தில் நாங்கள் கொடுத்த சான்றிதழுக்குப் பின்னால் எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாகி, அது சமுதாயக் கல்லூரிகளை அங்கீகரித்துப் பட்டயம் தரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பிள்ளைகளின் தாளில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் ஏறியது. 2009-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ நாடு முழுக்கச் சமுதாயக் கல்லூரித் திட்டம் கொண்டுவந்தது, சில வருஷங்களில் நின்றும் போனது. அடுத்து பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, ஏற்கெனவே இருக்கும் கலைக் கல்லூரிகளுக்குள்ளேயே சமுதாயக் கல்லூரி நடத்தப் பணம் கொடுத்தது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிச் சட்டகம் வந்தது, படிப்புக்கெல்லாம் நிலை 1, நிலை 2 என்று எண் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் விண்ணப்பப் படிவம் மாறும், பாடத்திட்டம் மாறும், முத்திரை மாறும். மாறாமல் இருந்தது எங்கள் அட்மிஷன் ரிஜிஸ்டர் ஒன்றுதான். முதல் வருஷங்களில் படித்த ஒரு பெண் இன்றைக்கு ஓர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் "நான் இன்ன வருஷம் இங்கே படித்தேன்" என்று சொன்னால், அங்கிருந்து சரிபார்க்கக் கடிதம் எங்களுக்குத்தான் வரும். அந்தப் பெண் படித்ததற்கு உலகத்தில் வேறு எங்கேயும் அத்தாட்சி கிடையாது. கம்ப்யூட்டர் போனால் கடன் வாங்கியாவது வேறு வாங்கலாம்.

இந்த ஊரில் பெரிய வாசல்களுக்குப் பஞ்சமில்லை. ஊரிசு கல்லூரி 1898-லிருந்து இருக்கிறது, ராதாகிருஷ்ணன் படித்த இடம். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியசாலைதான் இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனை. காட்பாடியில் ஆக்சீலியம் 1954-ல், ஓட்டேரியில் முத்துரங்கம் அரசுக் கல்லூரி 1965-ல், இன்று வி.ஐ.டி. என்று நாடே அறிந்த கல்லூரி 1984-ல். எல்லாம் நம் பெருமைதான். ஆனால் அந்த வாசல்களில் எதிலும் நுழைய முடியாத பிள்ளைகள் இதே ஊரில் காலையில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பெயர்தான் அந்தச் சிவப்புத் துணிப் புத்தகங்களில் இருக்கிறது.

அண்ணனுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. பக்கம் பக்கமாக ஒத்தி எடுத்தபோது அவரே படிக்க ஆரம்பித்தார். பெயரைப் படிக்கவில்லை. 'பெற்றோர் தொழில்' என்ற கட்டத்தைத்தான் படித்தார், ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டு.

"கூலி. கூலி. பீடி. டேனரி. கூலி. ரிக்‌ஷா. தறி. தீப்பெட்டி. பீடி."

முதல் புத்தகம் முழுக்க அப்படித்தான். அடுத்தடுத்த புத்தகங்களில் ரிக்‌ஷா குறைந்து ஆட்டோ வருகிறது. தோல் பதனிடும் 'டேனரி' குறைந்து 'ஷூ கம்பெனி' கூடுகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் டேனரிகளுக்குப் பக்கத்திலேயே ஷூ தைக்கும் கம்பெனிகள் பெருகியதை நாங்கள் ஓர் ஆண்டறிக்கையிலும் எழுதவில்லை. அந்தக் கட்டம் தானாகவே எழுதி வைத்திருக்கிறது. படிப்பின் பெயர்களும் மாறுகின்றன. முதலில் டைப்ரைட்டிங், தையல். பிறகு கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் டி.டி.பி., ஹெல்த் அசிஸ்டென்ட். பிறகு ஷூ அப்பர் ஸ்டிச்சிங், ஏசி மெக்கானிக். ஊர்ப்பெயர்க் கட்டத்தைப் பார்த்தால் வேறொரு கதை. 1989-லேயே பழைய வட ஆற்காடு மாவட்டம் பிரிந்துவிட்டது. ஆனால் அதற்கு எத்தனையோ வருஷம் கழித்துச் சேர்ந்த பிள்ளைகளின் அப்பாக்கள் 'வட ஆற்காடு' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். 2019-க்குப் பிந்தைய புத்தகத்தில் அதே வாணியம்பாடிக்குப் பக்கத்தில் திருப்பத்தூர் மாவட்டம் என்று இருக்கிறது. பஸ் அதே பஸ்தான்.

'படிப்பை நிறுத்திய காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆரம்பித்தவர்கள் யோசித்து வைத்த கட்டம் அது. அதில் கல்யாணம், ஃபீஸ், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கணக்கு, வாத்தியார் அடித்தார் என்று விதவிதமாக இருக்கும். ஓரிடத்தில் 'பஸ் இல்லை' என்று எழுதியிருந்தது. அண்ணன் பெட்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இப்ப மட்டும் பஸ் கீதா?"

அந்தப் பக்கத்துப் பெண்ணை எனக்குத் தெரியும். ஹெல்த் அசிஸ்டென்ட் படித்தவள். பயிற்சிக்குப் போன இடத்தில் வந்த நோயாளிகளில் பாதிப் பேர் மேற்கு வங்கத்துக்காரர்கள். காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளத்தில் எழுதியிருப்பது எதற்கென்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இவள் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை அங்கேயே கற்றுக்கொண்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "கோத்தாய் பேத்தா?" என்று கேட்பாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். பெரியவர்களுக்கு அந்த இரண்டு சொல்லிலேயே முகம் தெளிந்துவிடுமாம். வேலையை அங்கேயே கொடுத்துவிட்டார்கள். பத்தாவது ஃபெயில், காரணம் பஸ் இல்லை. இதைச் சொன்னேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கத்துக்கு அடியில் புதுத் துணி போட்டார்.

ஒரு விண்ணப்பத்தில் அம்மாவின் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை. ஓரம் கரைந்து பாதிதான் தெரிந்தது. அதை மட்டும் அவர் பெட்டியால் தொடாமல், சூடேற்றிய துணியைக் கையில் மடித்து மேலே வைத்து எடுத்தார். அவருக்கு அது ஏன் தோன்றியது என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் துணி வாங்கவில்லை. கொண்டுவந்தவர்களிடம் "அடுத்த வாரம் பாத்துக்கலாம், ஸ்கூல் வேல கீது" என்று திருப்பி அனுப்பினார். எங்களைக் கடைசிவரை ஸ்கூல் என்றுதான் சொன்னார். கல்யாண வீட்டுப் பட்டுவேட்டிகளைக்கூட ஏற்கவில்லை. இஸ்திரி வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு வாரம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். பணத்தைக் கவரில் போட்டு நீட்டியபோது வாங்கவில்லை. கரிக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "கரி எரிஞ்சிப் போச்சி, அத்த எப்பிடி விப்பேன்" என்றார். டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டார். பெட்டி ஆறுவதற்குள் டீயைக் குடித்துவிட வேண்டும் என்று அவசரமாகக் குடிப்பார், நாக்கைச் சுட்டுக்கொள்வார்.

கடைசி ரிஜிஸ்டரைக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார். "அந்த மை பேனாவ இனிமே தொடாதீங்க டீச்சர். பச்ச கலரு சுத்தமா வாணாம்."

நானும் இதே கல்லூரியில் படித்து, இதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தவள்தான். என் பெயரும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. கல்லூரி வளர்ந்த கதையைக் கூட்டங்களில் சொல்லும்போது நாங்கள் எத்தனை படிப்பு, எத்தனை இடம், எந்தத் திட்டம், எவ்வளவு நிதி என்றுதான் சொல்வது வழக்கம். கேட்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த வாரம் அதே கதையைக் கூலி, பீடி, தறி என்று ஒருவர் எழுத்துக்கூட்டிப் படித்ததில் கேட்டேன். அடுத்த ஆண்டறிக்கையில் அந்தக் கட்டத்தை அப்படியே அச்சிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். நிர்வாகக் குழுவில் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்பார்கள், சொல்லாவிட்டாலும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ரிஜிஸ்டர் பால்பாயிண்டில்தான். எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யும் வேலையை டி.டி.பி. பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பிரதி இங்கே இருக்காது, வேறு ஊரில் இருக்கும். புத்தகங்கள் இனிமேல் மாடியில்தான்.

பழைய மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். முதல் சில வருஷங்களின் பக்கங்களில் மை கரைந்து பெயர் தெரியாமல் போனவை இருக்கின்றன. வரிசை எண் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. அந்த வருஷங்களில் படித்தவர்கள் உங்கள் சான்றிதழையோ, பழைய அடையாள அட்டையையோ, பயிற்சிக்குப் போன இடத்தில் கொடுத்த தாளையோ, எது கையில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்து உங்கள் வரியைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். எதுவுமே இல்லாதவர்களும் வாருங்கள், உங்களோடு படித்த இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் போதும். அலுவலகம் காலை பத்திலிருந்து ஐந்து வரை. வரும்போது இஸ்திரி போட வேண்டிய துணி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். ஒரு செட்டுக்கு வழக்கமான காசுதான், தயவுசெய்து அதிகம் கொடுக்க முயற்சி செய்யாதீர்கள், கோபித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவரும் இருக்க மாட்டார், நாங்களும் இருக்க மாட்டோம்.